அன்றைய காற்றில் ஒரு குறையும் இல்லை

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைக்குப் பின்தெருவில் பிறந்து, லைட்ஹவுஸ் குப்பத்தில் ஃபைபர் படகுகளைப் பழுதுபார்த்து வாழ்ந்த எங்கள் அண்ணன், சென்ற ஆண்டு இதே நாளில் மதியச் சோறு உண்டு பாயில் சாய்ந்தவர், எழவில்லை. விமானம் கட்டிய மனிதருக்குப் பாயில் முடிவு வாய்த்ததே என்று அழுகைக்கு நடுவிலும் எங்களுக்கு ஓர் ஆறுதல்.

எங்கள் அப்பாவை, நைனாவை, கடல் கொண்டுபோனபோது அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது. அன்று முதல் எனக்குச் சோறு போட்டார், படிக்க வைத்தார். படிப்பு என்னிடம் தங்கவில்லை. சோறு தங்கியது, இந்த வயிறே சாட்சி.

ஆறு ஆண்டுகள் உழைத்து, ஒருவர் உட்காரும் சிறு விமானத்தைத் தாமே கட்டினார். அனுமதியும் வாங்கினார். கோடையில் ஏரி வற்றிய தரையிலிருந்து முதல்முறை பறக்க நாள் குறித்தார்.

"கூடவே இருந்து பாத்துக்கோ தம்பி. அவரு உசுரு உன் கையில" என்றார் அண்ணி. தன் தங்கையை எனக்குப் பேசி முடித்திருந்த நேரம் அது.

முதல்நாள் மாலை விமானத்தின் வாலைத் துடைத்தேன். விமானம் மேலே ஏறவும் கீழே இறங்கவும் அசைகிற வால் பலகையின் கீல் லொடலொடவென்று ஆடியது. படகில் சுக்கான் ஆணி ஆடினால் நாங்கள் வலை நூலைச் சுற்றி ரெசின் பசை பூசிவிடுவோம். அதையே செய்தேன். அண்ணனுக்கு ஒரு வேலை மிச்சம் என்ற பெருமை வேறு.

காலையில் குப்பமே கூடிவிட்டது. ஏறுமுன் அண்ணன் பலகையை அசைத்தார். ரெசின் இறுகி, அது பாதியில் நின்றது. குனிந்து நூல் முடிச்சைப் பார்த்தார். எங்கள் ஊரில் முடிச்சைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். என்னைப் பார்த்தார். எதிரே நின்ற அண்ணியையும் அவர் தங்கையையும் பார்த்தார்.

"காத்து சரியில்ல. இன்னிக்கு வேணாம்."

எங்கள் மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னா காத்துடா? பீடிப் புகை கூட நேரா போவுது! கடலுக்குப் போறவன் ஊட்ல பொறந்துட்டு காத்து தெரியலயே உனக்கு!"

அண்ணன் தார்ப்பாயை எடுத்து விமானத்தின் வாலை மூடினார். 'காத்து தெரியாதவன்' என்ற பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. எங்கள் கரையில் இதைவிடக் கேவலமான வசவு கிடையாது.

கூட்டம் கலைந்ததும் கேட்டார்: "நூலா சுத்துற? இது இன்னா தோணியா? மேல போய் இறுகிக்கினா நான் எப்பிடிடா எறங்குறது?"

வைதது அவ்வளவுதான். கீலைக் கழற்றி, தேய்ந்த ஓட்டையைச் சீராகப் பெரிதாக்கி, புஷ் என்கிற சிறு பித்தளைக் குழலை இறக்கி, புது ஆணி கோத்தார்.

"ஆட்டிப் பாரு. இன்னா தெரியுது?"

"ஒண்ணும் தெரியலண்ணா."

"அது போதும்."

அடுத்த வாரம் ஏரிக்கு மேல் ஒரு வட்டம் போட்டு இறங்கினார். சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அண்ணி கண்ணைத் துடைத்தபடி, "நல்லா பாத்துக்கின தம்பி" என்றார். எனக்குத் தரை பிளக்காதா என்றிருந்தது.

"நான் இருக்கிற வரைக்கும் வாயத் தொறக்காத" என்றார் அண்ணன். திறக்கவில்லை. என் வாயை அறிந்தவர்கள் அந்தத் தவத்தை மதிப்பார்கள்.

சென்ற ஆண்டு இறுதிச் சடங்கன்று கடலுக்குப் போகாமல் தோள் கொடுத்த குப்பத்தாருக்கும், ஆரம்பாக்கத்திலிருந்து முதல் பேருந்தில் வந்த உறவினருக்கும், அண்ணனை ஆறு ஆண்டுகள் அந்த விமானத்தோடு பகிர்ந்துகொண்ட அண்ணிக்கும் நன்றி. அண்ணியின் தங்கையான என் மனைவி இதைப் படிக்கும் நேரம் நான் பொன்னேரிக்குத் தப்பிப் போயிருப்பேன்.

மாமா, உங்களுக்கு ஒரு வார்த்தை. அன்று காற்று நன்றாகத்தான் இருந்தது. அண்ணனுக்கும் அது தெரியும்.