மூன்றாம் மைலைக் கழிக்காத பெரிய கிராணி

பிரிக்பீல்ட்ஸ் ரயில் ஆபீஸில் வரைபடம் போடுகிறவன் நான். போன மாதம் என் இன்டெக்ரல் கணக்கு நோட்டை எங்கள் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி, எல்லோருக்கும் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

"உனக்கு எதுக்குடா இதெல்லாம்? கோடு போடு, போதும்."

இன்று அவர் புதுப் பாதைக்குக் கொட்ட வேண்டிய மண்ணின் கணக்கைத் துரையிடம் நீட்டினார். மூன்றாம் மைலிலிருந்து ஐந்தாம் மைல் வரை மேடு ஏறிக்கொண்டே போவதால் அதே இன்டெக்ரல்தான். ஐந்தைப் போட்டு வந்த விடையை அப்படியே எழுதியிருந்தார். மூன்றைப் போட்டுக் கழிக்கவே இல்லை.

துரை முன்னால் மெதுவாகக் கேட்டேன். "சார், ஏற்கெனவே ரயில் ஓடுற மூணு மைலுக்கும் எதுக்கு மண்ணு?"

மத்தியானம் கிராணியே என் மேசைக்கு வந்தார். "அந்த நோட்டைக் கொஞ்சம் குடுப்பா."

"கோடு போட்டு முடிச்சிட்டுத் தரேன் சார்."

இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன். எத்தனை நாள் இழுக்கலாம், நீங்களே சொல்லுங்கள்.