பானட்டில் பதிந்த கட்டைவிரல்

என் மாப்பிள்ளைக்குப் பகலெல்லாம் பேருந்து ஓட்டுகிற வேலை. வீட்டுக்கு வந்தால் உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் கார்களோடுதான் இருப்பார். கூரையை அறுத்துத் தாழ்த்துவார், பின்சக்கரத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றையும் பழைய காலத்துப் பந்தயக் காராக்கிவிடுவார்.

விடிந்தால் இந்த மாதிரிச் சின்னக் கார்களுக்கான கண்காட்சி. முதல் தடவையாக இவர் காரையும் சேர்த்திருந்தார்கள். சிவப்புப் பெயிண்ட் அடித்துக் காய வைத்திருந்தார். ஈரத்தில் தூசி ஒட்டிவிடும் என்று நான் ஃபேன் போட விடவில்லை.

"அம்மா, வேர்த்து ஊத்துது. அதென்ன கைக்குழந்தையா?" என்றாள் மகள்.

"ஆமாண்டி. முடியலைன்னா வெளிய போய் உக்காரு."

மாப்பிள்ளைக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. காய்ந்துவிட்டதா என்று பானட்டைத் தொட்டுப் பார்த்தார். கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது.

"போச்சு அத்தை. மறுபடி அடிச்சா காலைக்குள்ள காயாது."

அவர் காரையே வெறித்துப் பார்த்தார்.

"இது மேல மெல்லிசா நெருப்பு வரைஞ்சு மறைக்கலாம், அது காலைக்குள்ள காஞ்சிடும். ஆனா கை நடுங்குதே."

"நடுங்கட்டும் மாப்பிள்ளை. நெருப்பு என்ன நேராவா எரியுது?"

அவர் மெல்லிய தூரிகையை மஞ்சள் பெயிண்டில் தோய்த்தார். முதல் தீநாக்கு ரேகையை மூடியது. பானட்டின் மறுபக்கமும் அதேபோல வர வேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.