சொறிக்கு ஒரு பக்கம்

கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் மன்னாருக்கு வந்து நிறஞ்சலாவையே கேட்கலாம். போன வருடம், வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. பட்டப்பகல். சத்தியமாக நடந்தது.

நிறஞ்சலா வவுனியாக்காரி. மன்னாரில் ஒரு தாதியர் பயிற்சிப் பாடசாலையின் மருத்துவ நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். மாணவிகளுக்குப் புத்தகம், ஆராய்ச்சி செய்யும் டொக்டர்மாருக்குக் கட்டுரை, கரையோரத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு மருத்துவக் குறிப்பு... கேட்டதைத் தேடிக் கொடுப்பதுதான் அவள் வேலை. உயிர்ப் பிரச்சினை என்றால் உடனே கொடுக்க வேண்டும். மற்றதெல்லாம் ‘நாளை’ என்று எழுதிய தட்டுக்குள் போகும். நாசமாய்ப் போன தட்டு!

பிற்பகல் 2.10. கரண்ட் இல்லை. புழுக்கம் தாங்க முடியவில்லை. காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை... நிமிர்ந்தால் மேசைக்கு முன்னால் ஒரு தாதி. வெள்ளைச் சீருடை. அந்த வெக்கையிலும் முகத்தில் ஒரு துளி வியர்வை இல்லை.

“வடக்குக் கரை ஆஸ்பத்திரியில இருந்து வாறன், தங்கச்சி. றோஸ்மேரி. சொறிக்கு மருந்து சொல்லுற பக்கம் வேணும்.”

“ஆருக்கு மிஸ்?”

“ஏழு வயதுப் பிள்ளைக்கு.”

“எப்ப வந்தது?”

“இன்னும் படேல்லை.”

நிறஞ்சலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வராத சொறி சிரங்குக்கு இவ்வளவு பதற்றமா?

“அப்ப நாளைக்கு அனுப்பிறன் மிஸ்.”

“நாளைக்குப் பிள்ளை இருக்காது.”

எங்கேயோ பயணம் போகிறார்களாக்கும் என்று எண்ணிக்கொண்டு பதிவுப் புத்தகத்தை நீட்டினாள். கையெழுத்துப் போட்ட கை அவள் விரலில் பட்டது. மீன் ஐஸ் பெட்டிக்குள் கைவிட்ட மாதிரி இருந்தது.

“இப்ப தாங்கோ...”

குரல் கேட்டது. உதடு அசையவில்லை.

டக்... டக்... சுவர் மணிக்கூடு.

2.17.

கரண்ட் வந்தது.

முன்னால் யாருமில்லை...

விறாந்தைக்கு ஓடினாள். அங்கேயும் எவருமில்லை. புழுக்கத்தில் தலை சுற்றி, அவ போனதைத் தான் கவனிக்கவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு, தோல் நோய்ப் புத்தகத்தில் சொறி சிரங்குப் பக்கங்களைப் பிரதி எடுத்தாள். ‘நாளை’ தட்டில் போட்டாள்.

மறுநாள் காலை 8.30க்கு, சொறிப் பக்கங்கள் தயார் என்று சொல்ல வடக்குக் கரை ஆஸ்பத்திரிக்கு போன் எடுத்தாள். பஸ்மினா என்ற தாதி பேசினாள்.

“சொறியோ? உங்களுக்கு ஆர் சொன்னது?” பஸ்மினாவின் குரல் உடைந்தது. “நேற்றுப் பின்னேரம் நாலு மணிக்குத்தானே கடலில குளிச்ச பிள்ளைக்குச் சொறி பட்டது. நாங்கள் நல்ல தண்ணியால கழுவினனாங்கள். நாலே முக்காலுக்கு முடிஞ்சுது.”

கரையில் பிறந்தவர்களுக்குச் சொறி என்றால் ஜெல்லிமீன். மேலில் பட்டால் நெருப்பாய் எரியும். சில இனம் ஆளையே கொன்றுவிடும். கடலில்லாத ஊர் வவுனியாக்காரிக்கு அது தெரியாது. ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். நல்ல தண்ணீர் ஊற்றாதே, வினாகிரி ஊற்று என்று சொல்லும் பக்கம் அவள் முதுகுக்குப் பின்னால் அலுமாரியில் இருந்தது. என்ன படிப்புப் படித்து என்ன!

“றோஸ்மேரி மிஸ் நேரில வந்து கேட்டவ...” என்றாள் நிறஞ்சலா.

பஸ்மினா மெல்லச் சொன்னாள்.

“அவ செத்து ஏழு மாசம். அந்தப் பிள்ளை அவவின்ர மகள்.”