கல்லில் பூசிய திருநீறு

அந்தக் கல்லை நான் முதன்முதலில் பார்த்தபோது அதன்மேல் ஓர் அம்மாள் உட்கார்ந்து, டிபன் டப்பாவிலிருந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மண்ணில் பாதி புதைந்து, முழங்கால் உயரத்துக்கு மேலே தெரிந்த தடித்த கல். அதன் ஒரு விளிம்பு அரிவாள் தீட்டித் தீட்டி வழவழப்பாகியிருந்தது. பாதையைப் பார்த்த முகத்தில் தேய்ந்த எழுத்துகள். எங்களைக் கண்டதும் அவர் எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து என் மகளுக்கு இடம்விட்டு, "உக்காரு பாப்பா. வெயில்ல இன்னாத்துக்கு நிக்கற?" என்றார். இன்று அந்தக் கல்லின்மேல் யாரும் உட்கார முடியாது. செருப்போடு பக்கத்தில் போகக்கூட முடியாது.

பள்ளிகளுக்கிடையே ஊர் வரலாறு பற்றிய குறும்படப் போட்டி ஒன்று வந்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து என் மகளும் அவள் தோழிகள் இருவரும் சேர்ந்தார்கள். பெரிய கோயிலை எல்லாரும் எடுப்பார்கள், நாம் வேறு ஏதாவது எடுப்போம் என்று மகள் சொன்னாள். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாக எழுத்துள்ள கல் ஒன்று கிடப்பதாக அவர்களுடைய சரித்திர டீச்சர் சொல்லியிருந்தார். டீச்சருக்குத் தேர்வு வேலை. பிள்ளைகளை ரோட்டோரம் தனியாக அனுப்ப எனக்குப் பயம். அதனால் நான் வேலை பார்க்கும் வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்தில் விடுப்பு சொல்லிவிட்டு நானே ஆட்டோ பிடித்து அழைத்துப் போனேன்.

கல்லுக்குப் பின்னால் இருந்த சாமந்திக் கொல்லையை அந்த அம்மாள்தான் பயிரிட்டுவந்தார். சொந்த நிலமில்லை. உரிமையாளர் சென்னையில் இருந்தார், வருவதேயில்லை. கணவர் இருந்த காலத்திலிருந்து இவர்கள்தான் குத்தகைக்கு உழுதார்கள். எழுத்தில் எதுவும் கிடையாது. "இந்தக் கொல்லைதான் எனக்குச் சோறு. மகன் பெங்களூர்ல இருக்கறான், வான்னு கூப்புடறான். அங்க போயி இன்னா பண்றது, பால்கனியில நின்னுக்கினு ரோட்டப் பாக்கறதா?" என்று அவர் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். அவரைக் கொல்லைக்காரப் பெரியம்மா என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பழைய எழுத்து படிக்கத் தெரிந்த ஒருவருக்கு டீச்சர் முன்பே படத்தை அனுப்பிக் கேட்டுவைத்திருந்தார். பக்கத்தில் இருந்த ஏரியின் மதகைப் பழுதுபார்க்கிறவர்களுக்கு இந்த நிலத்தின் விளைச்சல் சேரும், சந்திரனும் சூரியனும் உள்ளவரை அது நடக்கும் என்று அதில் இருந்ததாம். ஏரி இருந்த இடத்தில் இப்போது வீட்டுமனைகள். என் மகள் அதைப் படித்துக் காட்டியதும் பெரியம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். "அப்போ சூரியன் இருக்கற வரைக்கும் என்னை யாரும் கெளப்ப முடியாதுன்னு சொல்லு." பிறகு தானே சிரித்து, "மதகு ரிப்பேர் பண்ணச் சொல்லிடப் போறாங்க, எனக்கு இடுப்பே ரிப்பேரு," என்றார்.

தெரிந்தவர் படிக்கப் போதுமாயிருந்த எழுத்துகள் வீடியோவில் தெளிவாக விழவில்லை. மாவு பூசித் துடைத்தால் பள்ளங்களில் வெள்ளை நின்று எழுத்து தெரியும் என்று பிள்ளைகள் எங்கோ பார்த்திருந்தார்கள். கொண்டுபோன கோலமாவு சொரசொரப்பாக இருந்ததால் கல்லில் ஒட்டவில்லை. எங்கள் ஊரில் எந்தப் பெண்ணின் கைப்பையைத் திறந்தாலும் ஒரு பொட்டலம் திருநீறு இருக்கும். என்னுடையதை மகள் எடுத்தாள். பூசியதும் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன, எனக்கே சிலிர்த்தது. அழகுக்கு ஒரு பூ இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு தோழி சொன்னாள். பெரியம்மா கொல்லைக்குள் போய் நல்லதாக ஒரு சாமந்தியைப் பறித்து வந்து கல்லின் தலையில் வைத்தார்.

எடுத்து முடித்ததும் மகள் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். பெரியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் பாப்பா. திருநூறு அது. கழுவி உட்டா கீழ வழியும், நாளைக்குப் பௌர்ணமி, ஊரு காலு பூரா அதும்மேல படும். இருக்கட்டும், காத்துல தானா போயிடும்." எனக்கும் அது சரியாகவே பட்டது. மாவாக இருந்திருந்தால் கழுவியிருப்போம். திருநீற்றைக் கழுவிக் காலடியில் விட எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. பூவை எடுக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவேயில்லை.

மறுநாள் மலையைச் சுற்றியவர்களுக்குத் திருநீறு பூசிப் பூ வைத்த ஒரு கல் கண்ணில் பட்டது. யாரோ முதலில் கற்பூரம் ஏற்றியிருக்கிறார்கள். அடுத்தவர் குங்குமம் வைத்திருக்கிறார். அடுத்த பௌர்ணமிக்குள் தகரக் கூரையும், இரும்பு உண்டியலும், 'ஏரிக்கரைச் சித்தர்' என்று ஒரு பிளெக்ஸ் பேனரும் வந்துவிட்டன. ஏரி என்ற சொல்லே அந்த ஊரில் மறந்துபோயிருந்தது. அது பேனருக்கு எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியும். குறும்படத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்து, பள்ளி அதை இணையத்தில் போட்டிருந்தது. அதில் என் மகளின் குரல் 'இந்த ஏரிக்கரைக் கல்' என்றுதான் தொடங்கும்.

அவள் அழுது அடம்பிடித்து என்னை அங்கே அழைத்துப் போனாள். கூரைக்கு முன்னால் நின்று, "இது சாமி இல்லைங்க, கல்வெட்டு. நாங்கதான் படம் எடுக்கத் திருநீறு பூசினோம்," என்று வருகிறவர்களிடம் சொன்னாள். உண்டியல் பக்கம் நின்றவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கைகூப்பி, "நீதானா அது பாப்பா? சாமியே உன் கையால வெளிய வந்திருக்காரு. வா, முதல் தீபாராதனை உனக்குத்தான்," என்றார். சுற்றி நின்றவர்கள் அவளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவள் என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அன்றிரவு அவளுக்குக் காய்ச்சல் கண்டது.

நிலத்துக்காரர் சென்னையிலிருந்து வந்து, கல்லைக் கும்பிட்டு, கொல்லையைச் சித்தர் பெயரில் அன்னதானக் கூடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பெரியம்மாவை யாரும் விரட்டவில்லை. பூ இருந்தவரை பறித்துக்கொள்ளச் சொன்னார்கள். அடுத்த வாரம் ஜேசிபி வந்தது. கல்லைச் சுற்றி மேடை கட்டி டைல்ஸ் பதித்தபோது கீழ் வரிகள் சிமெண்டுக்குள் போய்விட்டன. நிலத்தைப் பற்றிய வரிகள் அவைதான். டீச்சர் எழுதிப்போட்ட மனுக்களுக்குப் பதில் வரவில்லை. என் அலுவலகத்திலேயே நான் விசாரித்தேன். "சாமி விஷயம், எதுக்கு மேடம் கை வெக்கறீங்க?" என்றார்கள். அவர்கள் சொன்னதில் எனக்கு ஆச்சரியமில்லை. நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று தோன்றியதுதான் இன்னும் உறுத்துகிறது.

மகள் அதன்பிறகு எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. ஏதாவது செய்ய முன்வந்தால் அதனால் யாருக்கோ கெடுதல் வரும் என்று ஒரு எண்ணம் அவளுக்குள் விழுந்துவிட்டது. நானும் அவளுக்குப் புத்தி சொல்லிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கையில்லாத பேச்சு அவளிடம் எப்படி நிற்கும்?

சென்ற மாதம் என் அண்ணன் குடும்பம் வந்து, செங்கம் சாலையில் ஆசிரமம் பக்கமாக ஒரு விடுதியில் தங்கியது. பார்க்கப் போனோம். மொட்டைமாடியில் படுக்கை விரிப்புகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பினார். பெரியம்மா. மகள் என் பின்னால் ஒதுங்கினாள். அவரோ நேராக வந்து அவள் கன்னத்தை வழித்து, "எளச்சிட்டியே பாப்பா, அம்மா சோறு போடறதில்லியா?" என்றார். வேலை எப்படி என்று கேட்டேன். "பூ மாதிரி இல்ல. பூவு வாடும், இதுங்க தொவச்சாப் போதும்," என்றார்.

பிறகு ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "அந்தப் படத்தைக் காட்டு பாப்பா. ஊரே பாத்திருக்குது, நான் பாக்கல," என்றார்.

மகள் கைபேசியில் தேடிப் போட்டாள். கோபுரம் வந்தது. மலை வந்தது. எழுத்துகள் வெள்ளையாகத் தெரிந்தன. அவற்றைக் காட்டும் பெரியம்மாவின் விரல் வந்தது. பிள்ளைகள் மூவரின் பெயர்களோடு படம் முடிந்துவிட்டது.

"கொல்லை வரலியே?"

"அஞ்சு நிமிஷத்துக்கு மேல போகக்கூடாதுன்னு ரூல் பெரியம்மா. கொல்லை வர்ற எடமெல்லாம் கட் பண்ணிட்டோம்."

"கட் பண்ணது எங்க இருக்குது?"

மகள் என்னைப் பார்த்தாள். "போன்ல எடம் இல்லைன்னு அழிச்சிட்டோம்."

அவர் கொடியில் ஒரு விரிப்பைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்தார். "இன்னொரு தபா போடு. ஓரத்துலயாச்சும் தெரியுதா பாக்கறேன்."

போட்டாள். கல் வந்ததும் நிறுத்தச் சொன்னார். கைபேசியை வாங்கிக் கண்ணருகே வைத்துக்கொண்டார். கல்லுக்குப் பின்னால், திரையின் ஓரத்தில், மஞ்சளாக ஒரு துணுக்கு மங்கித் தெரிந்தது.

"தோ, சாமந்தி," என்றார் பெரியம்மா.

அன்று பிள்ளைகளுக்கு வெயில் படாமல் நான் குடை பிடித்துக்கொண்டு நின்ற இடம் அது. அந்த மஞ்சள் என் புடவை. என் மகளுக்கும் அது தெரியும்.

"ஆமா பெரியம்மா," என்றாள் அவள்.