முகந்திருப்பி அத்தையின் அடக்கம்

வளன் எதையும் மறக்கிற ஆள் இல்லை. சின்ன வயதில் ஒரு நாவிதர் முடி வெட்டும்போது காதில் கத்தியைப் பட வைத்துவிட்டார். அதற்காக, கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் அவர் தெருவில் கால் வைக்காமல் சுற்றுவழியில்தான் கடைத்தெருவுக்குப் போவான். நாவிதர் செத்த பிறகும் அப்படியேதான் போனான். அவர்தான் போய்ச் சேர்ந்துட்டாரே, இன்னும் என்ன என்று யாராவது கேட்டால், "அந்தத் தெரு இருக்குல்லா" என்பான்.

தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிப்பது அவன் தொழில். பேச்சு குறைவு, மூச்சு அதிகம். தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்து வைக்கிற மாதிரி கோபத்தையும் நெஞ்சுக்குள் பிடித்து வைக்கத் தெரியும் அவனுக்கு.

குளிக்கப் போவது மனைவி இசபெல்லாவின் அண்ணன் கஸ்பாருடைய வள்ளத்தில். கஸ்பார் சம்மாட்டி, வள்ளத்துக்குச் சொந்தக்காரன். மாதா கோயில் பவனியில் குடை பிடிக்கிற பெரிய மனுசன் வேறு. நமக்கென்று ஒரு சின்ன வள்ளம் இருந்தால் நன்றாயிருக்கும் என்று வளன் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டான். கஸ்பார் எல்லாக் குளியாட்களுக்கும் கேட்கிற மாதிரி, "ஒனக்கு எதுக்குலே வள்ளம்? நீதான் மீன் மாதிரி நீந்துதியே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். வளனும் சிரித்தான். சிரித்ததை மறக்கவில்லை.

அது யுத்த காலம். துறைமுகத்து விளக்குகளுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். அரிசிக்கு வரிசையில் நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்குகிற பேச்சே கிடையாது. வளனின் பிள்ளைகளுக்கு அது தேவையும் இல்லை. மூத்தவள் பிலோமிக்கு ஆறு வயது, இளையவன் சிலுவைக்கு நான்கு. பூச்சி அரித்த சங்கைக் கிட்டங்கியில், அதாவது சர்க்கார் சங்குக் கிடங்கில், கழித்துப் போடுவார்கள். அதையும் கரையில் ஒதுங்குகிற சோழி சிப்பியையும் பொறுக்கி வந்து, கட்டிலுக்கு அடியில் ஒரு ஊரே கட்டியிருந்தார்கள்.

நீளமான வெள்ளைச் சங்கு சாமியார். ஐந்து விரல் நீட்டிக்கொண்டிருந்த சங்கு போலீஸ்காரன். சோழிகள் சனம், சிரட்டை முன்னால் அரிசிக்கு வரிசையில் நிற்கும். சிலுவைக்குக் கடல் உத்தியோகம். அவன் தரையில் படுத்து உருண்டால்தான் கப்பல் போகும். கடல் தூங்கிவிட்டால் கப்பல் அங்கேயே நிற்கும். இசபெல்லா வீடு பெருக்க வேண்டுமென்றால் முதலில் பிலோமியிடம் சொல்ல வேண்டும். பிலோமி கட்டில் காலில் ஒரு சிரட்டையைத் தூக்கிக் கட்டுவாள். அது புயல் கூண்டு. சனமெல்லாம் கோயிலுக்குள் போன பிறகுதான் விளக்குமாறு உள்ளே நுழையலாம். இசபெல்லாவும் கையில் விளக்குமாற்றோடு காத்து நிற்பாள்.

இந்த ஊருக்குள்தான் வளன் அந்தச் சங்கைக் கொண்டுவந்து விட்டான்.

ஒருநாள் அடித்தரையில் தடவும்போது கைக்கு ஒரு சங்கு மாறாகத் தட்டுப்பட்டது. சுழி மறுபக்கம். வலம்புரி. கடலில் எடுக்கிற சங்கு எல்லாம் சர்க்காருக்குச் சொந்தம், ஒன்று விடாமல் கிட்டங்கியில் ஒப்படைக்க வேண்டும். வலம்புரியை ஒளித்தவனுக்கு விலங்குதான். இருந்தும் வளன் கோவணத்துக்குள் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டான். பருவம் முடிந்ததும் காயல்பட்டணத்து வியாபாரி ஒருவர் வருவார். அவர் கையில் கொடுத்தால் ஒரு வள்ளம் நிச்சயம். அதுவரை எங்கே வைப்பது? பெட்டியையும் அரிசிப் பானையையும் எவனும் தேடுவான். வளன் அதன்மேல் சேற்றைப் பூசி, கட்டிலடியில் சோழிகளுக்கு நடுவில் வைத்தான். புதுசா ஒரு ஆள் வந்திருக்கு, ஊரில் சேர்த்துக்கோ என்றான் மகளிடம்.

பிலோமி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எல்லாரும் இங்கன பாக்காக. இவ மட்டும் ஏன்ப்பா மொகத்தத் திருப்பிக்கிட்டிருக்கா?"

"கோவம்."

"யாரு மேல?"

வளன் யோசித்தான். "எல்லார் மேலயும்."

அன்றைக்கே அவளுக்கு முகந்திருப்பி அத்தை என்று பெயர் விழுந்தது. பிலோமி அவளுக்கு ஒரு கதையும் வைத்திருந்தாள். அத்தை கொழும்பில் இருந்தவள். குண்டு போட்டார்கள் என்று கப்பலேறி வந்தாள். வந்த இடத்தில் யாரும் சோறு போடவில்லை. அதனால் கோபம். தினமும் மணலைச் சோறாக வைத்து, சமாதானம் சொல்லிச் சொல்லி ஊட்டினாள். ராத்திரி தன் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கஸ்பார் தங்கை வீட்டுக்குச் சாப்பிட வந்தான். கட்டிலில் உட்கார்ந்தவனைப் பிலோமி விடவில்லை. ஊராரையெல்லாம் ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தினாள். அத்தையின் முறை வந்ததும் கஸ்பார் குனிந்தான். கையில் எடுத்தான். பெருவிரலால் சேற்றைத் துடைத்தான். வளன் அப்போதுதான் குசினியிலிருந்து கருப்பட்டிக் காப்பியோடு வந்தான். கஸ்பார் அவனைப் பார்த்துக்கொண்டே பிள்ளையிடம் பேசினான்.

"மருமவளே, ஒங்க அத்தைய எங்க வீட்டுக்கு விருந்துக்குக் கூட்டிட்டுப் போறேன். நல்லாச் சோறு போட்டு நாளைக்கு அனுப்பி வைக்கேன், என்ன?"

பிலோமிக்குச் சந்தோசம். அத்தையை யாரும் விருந்துக்குக் கூப்பிட்டதே இல்லை. கஸ்பார் அதைத் துண்டில் முடிந்துகொண்டு, காப்பியையும் குடித்துவிட்டுத்தான் போனான்.

மறுநாள் கரையில் தனியாகப் போய்க் கேட்டான். கஸ்பார் பாய்மரத்தைத் தடவிக்கொண்டே, "எந்தச் சங்கு மாப்ள? ஒங்கிட்ட ஏது சங்கு? தொலைஞ்சிருந்தா ஆபீஸ்ல போயிச் சொல்லு. தேடித் தருவாக" என்றான்.

இசபெல்லாவும் போய் அழுதுவிட்டு வந்தாள். உன் புருசன் ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்றியிருக்கிறேன் என்று அண்ணன் அவளுக்கே புத்தி சொல்லி அனுப்பியிருந்தான். போனது போகட்டும், விட்டுவிடுங்கள் என்றாள் புருசனிடம். வள்ளத்தில் ஓட்டை போடலாமா, பாயைக் கிழிக்கலாமா என்றெல்லாம் அவன் மனது போய்க்கொண்டிருந்தது. எதைச் செய்தாலும் பழி தன்மேல்தான் வந்து விழும்.

அப்போது பிலோமி வந்து மடியில் சாய்ந்தாள். அத்தை இன்னும் வரவில்லை என்றாள்.

வளன் மகளைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு, "மாமா வீட்டுல போயிக் கேளு" என்றான்.

காலையில் குளியாட்கள் எல்லாரும் கடலுக்குப் புறப்பட கஸ்பார் வீட்டு வாசலில்தான் கூடுவார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் பிலோமி போய் நின்று, "மாமா, அத்தைக்கு விருந்து முடிஞ்சிட்டா?" என்று கேட்டாள். கஸ்பார் சிரித்து, இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லி அனுப்பினான். அடுத்த நாளும் வந்தாள். தூங்குகிறாள் என்றான். அதற்கடுத்த நாள், காய்ச்சல் என்றான். பிலோமி வீட்டுக்கு ஓடிப்போய்த் துளசிக் கசாயம் என்று சொல்லி ஒரு சிப்பியில் பச்சைத் தண்ணீர் கொண்டுவந்து, இதை உள்ளே போய்க் கொடுங்கள் என்று கையில் திணித்தாள். பெரிய சம்மாட்டி சிப்பியை ஏந்திக்கொண்டு உள்ளே போனான். வேறு வழியில்லை.

குளியாட்களுக்கு அது தினசரி வேடிக்கையாகிவிட்டது. பிலோமி வராத நாளில் அவர்களே, "சம்மாட்டி, அத்தைக்குக் காய்ச்சல் விட்டுட்டா?" என்று கேட்டார்கள். கிணற்றடியில் பெண்கள் கஸ்பார் பெண்சாதியிடம், வீட்டில் யாரை அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். பிலோமி கோயிலில் சாமியாரிடம் போய், மாமா வீட்டில் கிடக்கிற அத்தைக்காக ஒரு செபம் சொல்லச் சொன்னாள். வளன் கடைசி வரிசையில் முழங்காலில் நின்று அதைக் கேட்டான். அன்றைக்கு நற்கருணை வாங்க அவன் எழுந்து போகவில்லை. நெஞ்சில் இவ்வளவு இனிப்பை வைத்துக்கொண்டு போகக்கூடாது என்று அவனுக்கே தெரிந்திருந்தது.

கடைசியில் ஒருநாள் கஸ்பாருக்குப் பொறுக்கவில்லை. "செத்துட்டா. ஒங்க அத்தை செத்துப்போயிட்டா. போளா வீட்டுக்கு" என்று கத்திவிட்டான்.

பிலோமி அழாமல் வீட்டுக்கு வந்தாள். கட்டிலடியில் சோழிகளையெல்லாம் குப்புறக் கவிழ்த்தாள். ஊரே துக்கத்தில் இருந்தது. பிறகு அப்பாவிடம் வந்து, அடக்கம் பண்ண வேண்டும், பெட்டி வேண்டும் என்றாள்.

வளன் சவுக்காரப் பெட்டிப் பலகையை எடுத்து அறுத்தான். இழைத்தான். மூடியும் வைத்து, மேலே ஒரு சிலுவையும் செதுக்கினான். அவ்வளவு கவனமாக அவன் எதையும் செய்து இசபெல்லா பார்த்ததில்லை.

"பிள்ளைய வச்சா பழி வாங்குதீக?"

"நான் பெட்டிதான் செய்தேன். பிணத்த ஒங்க அண்ணன்லா வச்சிருக்கான்."

பெட்டியைக் கொடுக்கும்போது மகளிடம் ஒன்று சொன்னான். துக்கத்துக்குப் போகிறவர்கள் குறுக்குவழியில் போகக்கூடாது, கிட்டங்கி வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும்.

சாயங்காலம் வள்ளங்கள் கரைக்கு வந்து, கிட்டங்கி முன்னால் சங்கு ஒப்படைக்கிற நேரம். சர்க்கார் ஆபீசர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தெருப் பிள்ளைகள் எல்லாம் வரிசையாக வந்தார்கள். முன்னால் சிலுவை ஈர்க்குச் சிலுவை பிடித்து வந்தான். கடல் தன் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தது. நடுவில் பிலோமி தலையில் முக்காட்டோடு, கையில் பெட்டியோடு. பின்னால் பிள்ளைகள் ஒப்பாரி வைத்தார்கள். ஆபீசருக்குச் சிரிப்பு வந்தது. யார் செத்தது என்று கூப்பிட்டுக் கேட்டார்.

"முகந்திருப்பி அத்தை. மாமா வீட்டுல செத்துட்டா. பிணத்த எடுக்கப் போறோம்."

"அது என்ன பேரு?"

"எல்லாச் சங்கும் இங்கன பாக்கும். அத்தை மட்டும் அங்கன பாப்பா."

ஆபீசர் சிரிப்பை நிறுத்தினார். பெட்டியை வாங்கி உள்ளே பார்த்தார். பிறகு எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டு, நானும் துக்கத்துக்கு வருகிறேன் என்றார். குளியாட்கள் ஒருவன் விடாமல் பின்னால் வந்தார்கள். வளன் கூட்டத்தின் கடைசியில் வந்தான்.

கஸ்பார் வாசலில் நின்றவன் ஆபீசரைக் கண்டதும் வெளுத்துப்போனான். அது சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு என்றான். விளையாட்டுத்தானே, பிள்ளைகள் கையில் கொடுத்துவிடும் என்றார் ஆபீசர். சொல்லிக்கொண்டே உள்ளே போனார். அந்தோனியார் சுரூபத்துக்குப் பின்னால் பட்டுத் துணியில் சுற்றி அத்தை இருந்தாள்.

கஸ்பார் வளனை நோக்கிக் கை நீட்டினான். "ஐயா, இது இவன் வீட்டுல இருந்தது. இவன் களவாண்டது."

ஆபீசர் வளனைப் பார்த்தார். பிறகு பிலோமியின் முன்னால் குனிந்தார்.

"அத்தை எங்கேயிருந்து வந்தா பாப்பா? யாரு கூட்டிட்டு வந்தது?"

ஆழத்தில் மேலே ஏறுகிற கயிறு கைக்குத் தட்டுப்படாமல் போனால் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது வளனுக்கு. பிலோமி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கொழும்புலேர்ந்து. தனியாத்தான் வந்தா, கப்பல்ல. அங்கன குண்டு போட்டுட்டாக."

கூட்டத்தில் யாரோ செருமினார்கள். ஆபீசர் வளனைத் திரும்பவும் ஒருமுறை பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. சங்கு கண்டெடுத்த வீடு கஸ்பாருடையது, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்.

சங்கைத் துண்டில் சுற்றும்போது பிலோமி பெட்டியை நீட்டிக்கொண்டே நின்றாள். இது சர்க்காருக்குச் சொந்தம் பாப்பா என்றார்.

"அவுக வீட்டுலயும் விருந்தா?" என்று கேட்டாள் பிலோமி.

அவர் சங்கை எடுத்துக்கொண்டு போனார். காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ஒப்பாரி யாரும் வைக்கவில்லை.

பெரிய மனுசன் என்பதால் விலங்கு மாட்டவில்லை, கஸ்பாருடைய வள்ளத்துக்கு அந்தப் பருவத்து அனுமதியை மட்டும் ரத்துப் பண்ணிவிட்டார்கள். பவனியில் குடையையும் வேறு ஒருவன் கையில் கொடுத்தார்கள். வளன் இன்னொரு சம்மாட்டியின் வள்ளத்தில் ஏறி அதே மூச்சைப் பிடித்து அதே கடலில் குதித்தான். சொந்த வள்ளம் வராது என்று அவனுக்குத் தெரியும். இதனால் உனக்கு என்னடே கிடைத்தது என்று கூட்டாளிகள் கேட்டால், "அவன் வள்ளம் மணல்ல கிடக்குல்லா" என்பான்.

ஒருநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தவன் கட்டிலடியை எட்டிப் பார்த்தான். ஊர் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் அந்தப் பெட்டி மூடி இல்லாமல் கிடந்தது. உள்ளே பூச்சி அரித்த சங்கு ஒன்று. ஐவிரல் போலீஸ்காரன் காவலுக்கு நின்றான். யார் இது என்று கேட்டதற்கு, மாமா என்றாள் பிலோமி. அத்தை வருகிறவரைக்கும் சோறு கிடையாது என்றாள். வளனுக்கு மனது குளிர்ந்தது. மகளின் தலையைத் தடவினான்.

பிள்ளைகள் கடற்கரைக்கு ஓடின பிறகு இசபெல்லா பெருக்க வந்தாள். தானே சிரட்டையைத் தூக்கிப் புயல் கூண்டு கட்டினாள். கட்டிலில் கண்மூடிப் படுத்திருந்த புருசன் தூங்குகிறான் என்று நினைத்து, விளக்குமாற்றை வைத்துவிட்டுக் குனிந்து, ஒரு சிட்டிகை மணலை எடுத்துப் பெட்டிக்குள் அந்தச் சங்கின் வாய்ப் பக்கம் வைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

வளன் கட்டிலிலிருந்து கையைத் தொங்கவிட்டுப் பெட்டியை எடுத்தான். மணலை ஒரு பொடி விடாமல் ஊதித் தள்ளினான். பிறகு பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் புரண்டு படுத்தான்.