நைனா கடைந்த பூண்

உலக்கைக்குப் பூண் போட எல்லோரும் கொல்லனிடம் போவார்கள். எங்கள் வீட்டு உலக்கை மட்டும் துறைமுகத்தை ஒட்டிய ஒரு தொழிற்சாலையின் லேத்துக்குப் போனது. என் அப்பாவான நைனா அங்கே டர்னராக இருந்தார். பழைய பூண் தேய்ந்து ஆட ஆரம்பித்ததும், சாப்பாட்டு இடைவேளைகளில் இரும்பைக் கடைந்து புதிய பூண் ஒன்று செய்தார். அதன் அடிப்பக்கத்தை மயிரிழை மேடுபள்ளம் இல்லாமல் சமமாக்கினார். பிறகு உலக்கையைத் தோளில் வைத்துக்கொண்டு ராயபுரத்துத் தெருக்கள் வழியாக, கொடி பிடித்தவர் மாதிரி நடந்து வந்தார். வீட்டுக்கு வந்ததும் அதைத் தரையில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தார். உலக்கை நின்றது.

"நெல்லு குத்துறதுக்கு இம்மாம் நைஸு எதுக்குடா?" என்றாள் அத்தை.

அத்தை நைனாவின் மூத்த அக்கா. கணவர் இறந்த பிறகு எங்களோடு வந்து இருந்தாள். வந்திருந்தாள் என்பதைவிட எங்களை நடத்தினாள் என்பதே சரி. எங்கள் வீட்டோடு சேர்த்து ஆறு குடித்தனங்கள் ஒரே முற்றத்தைச் சுற்றி இருந்தன. அத்தையின் சொல் ஆறு வீட்டிலும் செல்லும். எதிர்வீட்டுக்காரி ஒருத்தி மட்டும் எதற்கும் ஒரு எதிர்ப்பேச்சு வைத்திருப்பாள்.

நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது சூரிய கிரகணம் வந்தது. காலையிலேயே பிடித்து, வெயில் ஏறுவதற்குள் விட்டுவிடும் என்று செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். ஆனால் எங்கள் முற்றத்தில் கிரகணத்துக்குக் கணக்கு உலக்கைதான். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதில் உலக்கையை நிறுத்துவார்கள். கிரகணம் பிடித்திருக்கும் வரை அது தானாக நிற்கும், விட்டதும் விழுந்துவிடும். அது விழும் வரை யாரும் சாப்பிடக் கூடாது. கர்ப்பமாக இருப்பவள் வெளியே தலை காட்டக் கூடாது. முந்தைய கிரகணங்களில் ஆறு வீட்டு உலக்கையும் ஆறு நேரத்தில் விழுந்து சண்டை வருமாம். இந்த முறை சண்டையே வேண்டாம் என்று எல்லோரும் எங்கள் உலக்கையை முற்றத்தின் நடுவில் நிறுத்திவிட்டார்கள். ஒரே தடவையில் ஆடாமல் நின்ற உலக்கை அது ஒன்றுதான்.

வீட்டில் கர்ப்பமாக இருந்தவள் சித்தி. சித்தப்பாவின் மனைவி, எண்ணூர்ப் பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண். அவளுடைய முதல் குழந்தை தாய்வீட்டில் பிறந்து, பெயர் வைப்பதற்கு முன்பே இறந்துவிட்டது. கர்ப்பத்தோடு அமாவாசை அன்று கடற்கரையில் நடந்தாளாம், அதனால்தான் என்று எதிர்வீட்டுக்காரி குழாயடியில் சொல்லி, அது தெரு முழுக்கப் போயிருந்தது. எனவே இரண்டாவது பிரசவத்துக்கு அத்தை அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை. என் அம்மா அப்போது தம்பிப் பாப்பாவோடு சடையங்குப்பத்தில், தன் அப்பா வீட்டில் இருந்தாள். சித்தப்பா துறைமுகத்து இழுவைப் படகில் வேலைக்குப் போயிருந்தார். ஆகவே கிரகணத்தன்று சித்திக்குக் காவல் நான்.

அறைக்குள் அனுப்பும் முன் சூரியனை ஒரே ஒரு தடவை பார்க்க விட்டார்கள். நைனாவுக்கு அன்று இரண்டாவது ஷிப்டு. அவரோடு வேலை பார்த்த வெல்டர் மாமா, தொழிற்சாலையின் கறுப்புக் கண்ணாடியைச் சட்டைக்குள் வைத்து எடுத்து வந்திருந்தார். கண்ணாடி வழியாகச் சூரியன் பச்சையாக இருந்தது. ஓரத்தில் எலி கடித்த அப்பளம் மாதிரி ஒரு துண்டு இல்லை. நான் பார்த்து முடிப்பதற்குள் பின்னால் இருந்தவர்கள் கண்ணாடியைப் பிடுங்கினார்கள்.

அத்தை என்னை அறைக்குள் தள்ளி, "உள்ளாற தாப்பா போட்டுக்க. நான் வந்து கூப்டாத்தான் தொறக்கணும். அவ ஒடம்ப சொறிஞ்சா சொல்லு" என்றாள். சொறிந்தால் குழந்தைக்குத் தழும்பு வருமாம். தாழ்ப்பாளைப் போட்டேன். ஜன்னலில் கோணிப்பை தொங்கியது. சித்தி சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தாள். கதவு இடுக்கில் கண்ணை வைத்தால் முற்றமும் உலக்கையும் நேராகத் தெரிந்தன.

"இன்னாடி பண்றாங்க?" என்றாள் சித்தி.

பார்த்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரி கண்ணாடியைத் தலைகீழாகப் பிடித்தது, வெல்டர் மாமா "எப்டி புடிச்சாலும் அதே சூரியன்தாம்மா" என்றது, எல்லாவற்றையும். பிறகு கடல் பக்கமிருந்து மேகம் வந்து வானத்தை மூடியது. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை.

"டர்னரே, உன் தம்பியாண்ட சொல்லு. படகுல கவுறு கட்டி மேகத்த இஸ்துக்கினு போவட்டும்" என்றார் வெல்டர் மாமா.

சிரிப்பு அடங்கி எல்லோரும் காத்திருந்தார்கள். மேகம் விலகவில்லை. வெல்டர் மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"பேப்பர்ல போட்ட டைம் தாண்டிப் பூட்சி. கிரகணம் வுட்டாச்சி. குளிச்சிட்டு சோறு போடுங்கம்மா, ஷிப்டுக்குப் போவணும்."

அத்தை உலக்கையைக் காட்டினாள். "பேப்பர்காரன வந்து அத்த சாய்ச்சிட்டுப் போவச் சொல்லு. அப்பால சோறு."

நைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "யக்கா, அது கிரகணத்துக்கு நிக்கல. நான் கடைஞ்ச பூணுக்கு நிக்கிது. நாளிக்கும் நிக்கும்."

"பார்றா! சூரியன் கூட இவரு லேத்தக் கேட்டுக்கினுதான் வருதாம்" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"மெய்யாலுமேம்மா. இவன் கையில மேடு வராது. பட்டறையில யார வோணா கேளு" என்று வெல்டர் மாமா கூட்டாளிக்காகப் பேசினார்.

நைனா சிரித்துக்கொண்டே எழுந்து, காலால் உலக்கையைத் தட்டிவிடப் போனார். முற்றத்துப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். தானாக விழாத உலக்கையை யாராவது தள்ளினால் அந்தத் தோஷம் வீட்டில் பிள்ளை சுமப்பவளுக்குத்தான் போகும். "உள்ள ஒருத்தி கீறா, ஞாபகம் வெச்சிக்க" என்றாள் எதிர்வீட்டுக்காரி. நைனா காலை இழுத்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தார்.

இதையும் சித்தியிடம் சொன்னேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி இறுகிக்கொண்டே போய், பிறகு தளர்ந்தது. சிறிது நேரம் கழித்து மறுபடி இறுகியது.

"வலிக்குது சித்தி."

"பயமா கீது கண்ணு. அதான். நீ பேசிக்கினே இரு."

இருட்டுக்குப் பெரியவர்களும் பயப்படுவார்கள் என்று அன்று தெரிந்துகொண்டேன். அவளுக்குத் தைரியம் வரட்டும் என்று பள்ளிக்கூடத்து வாய்ப்பாடுகளை ஒவ்வொன்றாக ஒப்பித்தேன். இடையிடையே, "வுழுந்துச்சா?" என்று கேட்டாள். "இல்ல. கொஞ்சம்கூட ஆடல" என்று உள்ளதைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் புடவை நனைந்து பாயும் ஈரமாகியிருந்தது. வியர்வை என்று நினைத்தேன்.

"அண்ணிய கூப்டட்டுமா?" என்று அத்தையை நினைத்து அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். உடனே, "வேணாம். கிரகணத்துல வந்துச்சின்னு சொல்லுவாளுங்க" என்று தலையை ஆட்டினாள். யார், எதைச் சொல்வார்கள் என்று கேட்டேன். என் மணிக்கட்டை மட்டும் இறுக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"தொறடி."

"அத்தை கூப்டலையே."

அவள் என் தலைக்கு மேலாகக் கையை நீட்டித் தாழ்ப்பாளை இழுத்தாள்.

வெளியே வந்த சித்தியை முற்றமே திரும்பிப் பார்த்தது. "அய்யய்யோ, உலக்க நிக்கிது! உள்ள போடி!" என்று எதிர்வீட்டுக்காரி எழுந்தாள். சித்தி யாரையும் பார்க்கவில்லை. எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது போல நேராக முற்றத்தின் நடுவுக்கு நடந்தாள். அங்கே பிடிப்பதற்கு இருந்தது அது ஒன்றுதான். இரண்டு கைகளாலும் உலக்கையைப் பற்றினாள். தாம்பாளம் சரிந்து தண்ணீர் கொட்டியது. உலக்கையைத் தரையில் ஊன்றி, நெற்றியை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எட்த்துட்டாளே! தானா வுழல, இவ எட்த்துட்டா!"

அத்தை சித்தியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு நனைந்த புடவையைப் பார்த்தாள். எழுந்து போய் அவளை இடுப்போடு அணைத்துக்கொண்டு, ஆறு வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னாள்: "உலக்க சாஞ்சிட்ச்சி. சாஞ்சதத்தான் இவ புடிச்சா. கிரகணம் வுட்டாச்சி. டேய், ஓடிப்போய் ரிஸ்கா கூட்டியா!"

வெல்டர் மாமா ஓடினார். அத்தை பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று உதவிக்குப் போனேன்.

"இல்ல அத்தை, சாயல. நான் பாத்துக்கினே இருந்தேன்."

"கேட்டுக்கோங்க, கொழந்த சொல்லுது" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "டர்னரே, நீதான நாளிக்கும் நிக்கும்னு சொன்ன? அது எப்டி சாயும்? நீயே சொல்லு."

எல்லோரும் நைனாவைப் பார்த்தார்கள். அவருடைய பட்டறை ஆட்கள் வேறு இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். அதற்குள் ரிக்‌ஷா வந்துவிட்டது. அத்தை சித்தியின் கைகளிலிருந்து உலக்கையை விடுவித்து நைனாவிடம் கொடுத்துவிட்டு, அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நைனா உலக்கையைத் தலைகீழாகத் திருப்பி, பூணின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினார்.

"ஒரு பக்கம் மேடு கீது" என்றார். "நான் சரியா கடையல. சாயத்தான் சாயும்."

வெல்டர் மாமா உலக்கையை வாங்கித் தானும் தடவினார். நைனாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமா. நல்லா மேடு கீது. இத்த நம்பியா இம்மாம் நேரம் பட்டினி கெடந்தோம்?"

பட்டறை ஆட்கள் சிரித்தார்கள். டர்னருக்கு வயசாகிவிட்டது என்றான் ஒருவன். நைனாவும் சிரித்தார். எதிர்வீட்டுக்காரியும் கிரகணம் விட்டதென்று குளிக்கப் போனாள். எனக்கு முகம் சுட்டது. இத்தனை பேர் முன்னால் என் நைனா வேலை தெரியாதவர் ஆகிவிட்டார்.

நைனா ஷிப்டுக்குப் போன பிறகு முற்றம் காலியாக இருந்தது. தாம்பாளத்தை எடுத்து முற்றத்து மூலையில் வைத்து, தண்ணீர் ஊற்றி, உலக்கையை நிறுத்திக் கையை எடுத்தேன். நின்றது. எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வெயில் வந்தது, நிழல் நீண்டது. உலக்கை அசையவே இல்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் அத்தை வந்தாள். வீட்டுக்குள் நுழையாமல் முதலில் எதிர்வீட்டு வாசலுக்குப் போனாள். "பொட்டப்புள்ள. மூக்கு முழி எல்லாம் திருத்தமா கீது. ஒரு மச்சம்கூட இல்ல, வந்து பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் எங்கள் வாசல்படி ஏறினாள்.

நைனா பாதி ஷிப்டில் அனுமதி கேட்டுத் திரும்பி வந்ததும் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துப் போனேன்.

"பாருங்க நைனா, மேடே இல்ல. மத்தியானத்துலேர்ந்து நிக்கிது. நீங்க சரியாத்தான் கடைஞ்சிருக்கீங்க. வெல்டர் மாமாவாண்ட நான் சொல்றேன்."

அவர் எதிர்வீட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்தார். உலக்கையை எடுத்துச் சுவரோரமாகப் படுக்க வைத்தார்.

"யாராண்டயும் சொல்லாத" என்று என் தலையில் கை வைத்தார். "பாப்பாவ பாக்கப் போலாம் வா."

ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவருடைய வேலையில் குறையே இல்லை என்று நான் நிரூபித்துக் காட்டிவிட்டேன். அதைக் கேட்டு அவர் ஏன் கொஞ்சம்கூடச் சந்தோஷப்படவில்லை என்பது மட்டும் வழி முழுவதும் எனக்குப் புரியவில்லை.