கழுவெளிக்குள் திரும்பிய விமானம்

ஒரு செருப்பைச் சேற்றில் பறிகொடுத்துவிட்டு, மற்றதை மட்டும் காலில் மாட்டிக்கொண்டு, பொக்லைன் இயந்திரத்துக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றாரே என் மாமியார், அவரை நினைத்தால் முதலில் அந்தக் காட்சிதான் வரும். மேடவாக்கத்தைத் தாண்டி, சதுப்பு நிலத்தின் ஓரமாக அடுக்குமாடி வீடுகளுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஐ.டி. கம்பெனிக்காரர்களை நம்பி வயலும் மேடும் வீடாகிக்கொண்டிருந்த காலம். அந்த வேலைக்குக் கம்பி கொடுத்துக்கொண்டிருந்த என் கணவர், பள்ளத்திலிருந்து ஏதோ பெரிய தகடு வந்திருப்பதாகத் தாம்பரத்து வீட்டுக்குப் போன் செய்தார். மாமியார் அடுப்பை அணைத்தார். "ஆட்டோ கூப்பிடும்மா" என்றார்.

அவர் பிறந்த ஊர் அந்தச் சதுப்பை ஒட்டியதுதான். அந்தச் சதுப்பை ஊரில் கழுவெளி என்பார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அவருக்கு ஏழெட்டு வயது. தாம்பரத்தில் வெள்ளைக்காரர்களின் விமானத்தளம் இருந்ததால், தலைக்கு மேல் விமானம் பறப்பது ஊருக்குப் பழகிய சத்தம். ஓர் ஐப்பசி மழையில், வழிதவறிய ஆட்டைத் தேடி அவர் தனியாகத் தெருக்கோடியில் இருந்த கழுவெளிக் கரைக்குப் போயிருக்கிறார். குண்டு வீசும் பெரிய விமானம் ஒன்று, இறக்கையில் தீ எரிய, அவர்களுடைய தெருவின் கூரைகளுக்கு நேராகத் தாழ்ந்து வந்திருக்கிறது. கடைசி நொடியில் இடது பக்கமாகச் சாய்ந்து, தெருவை விட்டு விலகி, கழுவெளிக்குள் தலைகுப்புறப் பாய்ந்துவிட்டது. தண்ணீரும் கோரையும் அதை மூடிக்கொண்டன. மழைக்குக் கதவடைத்துக் கிடந்த ஊரில் வேறு யாரும் பார்க்கவில்லை. இவர் ஓடிவந்து சொன்னதற்கு, இடி விழுந்திருக்கும் என்றார்கள். காணாமல் போன விமானம் கடலில் விழுந்ததாகப் பிறகு பேச்சு வந்தது. பட்டாளத்துக்காரர்கள் காதில் விழுந்தால் வம்பு என்று அவருடைய அப்பா வாயை அடைத்துவிட்டார்.

அடைத்த வாய் அடங்கவில்லை. கல்யாணமாகி, பேரப்பிள்ளைகள் வந்த பிறகும், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தார். சொந்தக்காரர்கள் அவருக்கு 'ஏரோப்ளேன்' என்றே பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை முதலில் வைத்தவர் அவருடைய தம்பி.

பள்ளத்தின் ஓரத்தில் பழைய இரும்புக்காரரின் லாரி தயாராக நின்றது. மாமியார் சரிவில் இறங்கி, இயந்திரத்தை மறித்துக்கொண்டார்.

"நிறுத்துப்பா! உள்ள ஆளுங்க இருக்காங்க!"

மேற்பார்வையாளர் ஓடி வந்தார். "பழைய பைப்புங்கம்மா இது. நவுருங்க, கான்கிரீட் லாரி வந்துகினு இருக்கு."

"பைப்பு இல்ல தம்பி, ஏரோப்ளேன். இறங்கி உன் கண்ணால பாரு. அப்புறமும் தோண்டணும்னா என் மேல ஏத்திட்டுத் தோண்டு."

இயந்திரத்தை ஓட்டியவர்தான் முதலில் இறங்கினார். தகட்டில் அப்பியிருந்த சேற்றை உள்ளங்கையால் வழித்தார். போர் விமானங்களில் அடையாளமாகத் தீட்டும் நீல நிற வட்டம் ஒன்று தெரிந்தது. அதன் அடியில் கையை விட்டவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"சார், இதுல ஒரு ஷூ கீது. கால் எலும்போட கீது."

அவரே ஏறிச் சாவியைத் திருகி இயந்திரத்தை அணைத்தார். அந்த அமைதியில் மாமியார் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, உதடு மட்டும் அசைய துஆ ஓதினார். மேற்பார்வையாளர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் போலீசுக்குப் போன் செய்தார்.

சாயங்காலத்துக்குள் சிட்லபாக்கத்திலிருந்து தம்பியும் வந்துவிட்டார். பள்ளத்தை வெகுநேரம் எட்டிப் பார்த்தார்.

"ப்ளேன்தான்க்கா."

"காதுல விழல. நாலு பேருக்குக் கேக்குற மாதிரி சொல்லு."

"ப்ளேன்தான்! எங்கக்கா சொன்ன ப்ளேன்தான்!" என்று அந்த மனிதர் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். மாமியார் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

விமானப்படையினர் வந்து, வெடிக்காத குண்டு ஏதும் இல்லையென்று உறுதிசெய்துகொண்டு, கையாலேயே சேற்றை அள்ளினார்கள். கடலில் தொலைந்துபோனதாக எழுதிக் கோப்பு மூடப்பட்டிருந்த விமானத்தின் வீரர்கள் ஒருவர் விடாமல் கிடைத்தார்கள். எல்லாரும் இளைஞர்கள்.

அடுத்த குளிர்காலத்தில் போர் வீரர்களுக்கான கல்லறைத் தோட்டத்தில் அவர்களை அடக்கம் செய்தார்கள். உறவினர்கள் கடல் தாண்டி வந்திருந்தார்கள். துப்பாக்கிகள் வானத்தை நோக்கி முழங்கியபோது, முதல் வரிசையில் உட்கார வைக்கப்பட்டிருந்த என் மாமியார் எழுந்து நின்றார். கல்யாண வீட்டுக்கு உடுத்தும் பச்சைப் பட்டைத்தான் உடுத்தியிருந்தார். வெள்ளைப் புடவை எடுத்துத் தந்தபோது மறுத்துவிட்டார். "அறுபது வருஷம் கழிச்சுக் கரையேறுறாங்க. நான் ஏன் அழுதுட்டுப் போகணும்?"

விமானியின் தங்கை சக்கர நாற்காலியில் வந்திருந்தார். மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. நான் நடுவில் நின்றேன். கடைசி நேரத்தில் அண்ணன் என்ன செய்தான் என்று அவர் கேட்டார்.

"எங்க தெரு மேல விழாம திருப்பினாரு. அன்னைக்கு அந்தத் தெருவுல இருந்தவங்க அத்தனை பேரும் பொழைச்சோம். உன்னோட புருஷன், புள்ளைங்க எல்லாம் அதுக்கப்புறம் வந்ததுதான்னு சொல்லும்மா."

சொன்னேன். எப்படித் திருப்பினான் என்று காட்டச் சொன்னார் அந்த அம்மாள். மாமியார் வலது கையை நேராக நீட்டி, தாழ்த்தி, மெல்ல இடது பக்கமாகச் சாய்த்தார். இன்னொரு முறை, என்றார் அவர். இந்த முறை தன் கையையும் பக்கத்திலேயே நீட்டினார். சுருக்கம் விழுந்த இரண்டு கைகளும் சேர்ந்து காற்றில் சாய்ந்து, கூரைகளைத் தவிர்த்துத் திரும்பின.